விடுதி அலமாரிக்கு 6,000 ரூபாயில் என்ன கதைகள் வாங்கலாம்?

தேவி_கோவை
வணக்கம். கோவையில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். (வார்டன் என்று சொன்னால் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், அதனால் சொல்வதில்லை.) கூடத்தில் ஓர் அலமாரி காலியாகக் கிடக்கிறது. உரிமையாளர் அம்மா கதைப் புத்தகம் வாங்க 6,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். தங்கியிருப்பவர்களில் செவிலியர்கள், ஜவுளிக்கடையில் நிற்பவர்கள், ஐடி பெண்கள், வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்று பல ரகம் உண்டு. சிலர் பள்ளிக்கூடம் முடித்த பிறகு பாடப்புத்தகம் தவிர எதையும் தொடாதவர்கள்.

தன்னம்பிக்கை நூல் வேண்டாம். யாரோ அன்பளிப்பாகத் தந்த ஒரு கட்டு பிரிக்காமலே இருக்கிறது. துப்பறிவு, சரித்திரம், காதல், பேய், சிரிப்பு, அறிவியல் புனைவு எதுவானாலும் சரி. படுக்கப் போகும்முன் பதினைந்து இருபது நிமிடம் படிப்பவளை மறுநாளும் தேடி எடுக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வில்லிவாக்கம்_குமார்
பொன்னியின் செல்வன். இழையை மூடிவிடலாம்.

மாடிவீட்டு_வாசகி
மூட வேண்டாம் குமார் தம்பி. நான் ஒரு காலத்தில் விடுதியில் இருந்தவள். ஐந்து பாகத் தொகுதியைப் பொது அலமாரியில் வைத்தால் மூன்றாம் பாகம் யாரோ ஒருத்தியின் பெட்டியில் ஊருக்குப் போய்விடும். மிச்சம் நான்கும் அலங்காரத்துக்குத்தான். அதோடு, படம் வந்த பிறகு கதை எல்லோருக்கும் தெரியும்.

தேவி, கல்கியில் தொடங்க வேண்டுமானால் பார்த்திபன் கனவு வாங்குங்கள். ஒரே புத்தகம். உறையூரில் கப்பம் கட்ட மறுக்கும் சோழ மன்னன், அவனுடைய மகன் விக்கிரமன், நடுவில் வந்து வந்து போகும் ஒரு சிவனடியார். அந்தச் சிவனடியார் யார் என்பதைப் பாதியிலேயே நாம் யூகித்துவிடுவோம். யூகித்த பிறகும் விட மாட்டோம், அதுதான் அவருடைய கைவேலை. சிவகாமியின் சபதம் கதைப்படி இதற்கு முந்தியது, ஆனால் கல்கி பிறகு எழுதியது. அதனால் எதை முதலில் படித்தாலும் குடி முழுகிவிடாது.

இன்னொன்று. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. ஆகவே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கிறார்கள். மலிவாகக் கிடைக்கும், ஆனால் சில பதிப்புகளில் பிழை மலிந்து கிடக்கும், சிலவற்றில் சொல்லாமலே சுருக்கியிருப்பார்கள். கடையில் நின்று நான்கு பக்கம் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். எழுத்து பொடியாக இருந்தால் இரவு பத்து மணிக்கு மேல் யாரும் தொட மாட்டார்கள்.

பழுப்புத்தாள்
வாசகி அம்மா சொன்ன அந்தத் தொகுதிச் சிக்கலை வழிமொழிகிறேன். அதே காரணத்தால் சாண்டில்யனும் கஷ்டம். கடல் புறா மூன்று பாகம், யவன ராணி இரண்டு. மனிதர் கப்பல் சண்டையை எழுதினால் உப்புக் காற்று அடிக்கும், ஆனால் நாயகி அறைக்குள் நுழைந்தால் இடை வர்ணனை முடிய ஓர் அத்தியாயம் ஆகும். உங்கள் ஐடி பெண்கள் அந்த இடத்தில் சிரித்துவிட்டு மூடிவிடுவார்கள். (நான் இன்னும் மூடவில்லை, அது வேறு விஷயம்.)

தேவி சொன்ன பதினைந்து நிமிடக் கணக்கைக் கவனியுங்கள். நம் வெகுஜனக் கதைகளில் பெரும்பாலானவை விகடனிலும் குமுதத்திலும் கல்கியிலும் வாரத் தொடர்களாக வந்தவை. ஒரு வாரத்துக்கு ஐந்தாறு பக்கம், கடைசி வரியில் ஒரு கொக்கி. வியாழக்கிழமை கடைக்குப் போய் இதழை வாங்க வைக்க எழுதிய கொக்கி அது. இன்றைக்கு அசந்து படுக்கப் போகிறவளுக்கும் அதே அளவு சரியாகப் பொருந்தும். ஆகவே வகை பார்த்து வாங்குவதைவிட, தொடராக வந்து ஒரே நூலாக முடிந்ததா என்று பார்த்து வாங்குங்கள். பாதித் தேர்வு முடிந்துவிடும்.

வில்லிவாக்கம்_குமார்
சரி, தொகுதி வேண்டாம். அப்போ சுஜாதா. கொலையுதிர் காலம் கட்டாயம். குமுதத்தில் தொடராக வந்தது. வக்கீல் கணேஷும் அவன் ஜூனியர் வசந்தும் ஒரு சொத்து விவகாரத்துக்காகப் பழைய பங்களாவுக்குப் போகிறார்கள். நடப்பது பேயா விஞ்ஞானமா என்று இருவரும் கடைசி வரை மாறி மாறிச் சண்டை போடுவார்கள். பேய்க்கதை கேட்பவளுக்கும் துப்பறிவு கேட்பவளுக்கும் ஒரே செலவு.

கணேஷ் முதலில் வந்த நைலான் கயிறு (1968) சின்னது. அதில் வசந்த் கிடையாது, அவன் பிறகுதான் வருவான். கரையெல்லாம் செண்பகப்பூவையும் சேருங்கள். நாட்டுப்பாடல் சேகரிக்கக் கிராமத்துக்கு வந்து ஜமீன் மாளிகையில் தங்கும் கல்யாணராமன் கதை.

இரவுப்பணிக்காரி
சுஜாதா பிடிக்கும், ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வசந்த் வாயைத் திறந்தாலே ஏதாவது ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி ஒரு ஜோக். எழுதிய காலத்தில் அது குறும்பாக இருந்திருக்கலாம். பகல் முழுக்க அதே மாதிரி ஆட்களோடு வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்கு எரிச்சல்தான் வரும். வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்து சுஜாதா இருக்கிற அலமாரியில் ஒரு தேவனாவது இருக்கட்டும் என்கிறேன்.

நான் செவிலியர், இரவுப்பணி. தேவனின் துப்பறியும் சாம்புவின் சிறப்பு என்னவென்றால் எங்கே நிறுத்தினாலும் நஷ்டமில்லை. வங்கி குமாஸ்தா சாம்பு அசட்டுத்தனமாக எதையோ செய்யப் போக, திருடன் தானாக வந்து மாட்டிக்கொள்வான். இன்ஸ்பெக்டர் கோபாலன் ஆகா என்று பாராட்டுவார். தனித்தனிக் கதைகள். நடுவில் அழைப்பு மணி அடித்தால் எழுந்து போய்விட்டு வந்து அடுத்ததைத் தொடங்கலாம்.

பழுப்புத்தாள்
தேவனில் ஜஸ்டிஸ் ஜகந்நாதனை யாருமே சொல்வதில்லை. கொலை வழக்கு விசாரணைதான் மொத்த நாவலும். ஜூரி முறை (பொதுமக்கள் சிலர் உட்கார்ந்து கேட்டுத் தீர்ப்புச் சொல்வது) இருந்த காலம். ஒவ்வொரு சாட்சியாகக் கூண்டில் ஏறுவார்கள், வக்கீல்கள் குடைவார்கள், நாமும் ஜூரிகளோடு உட்கார்ந்து ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் சாய்வோம். நீதிமன்றத் தொடர்களை ஓடிடியில் விழுந்து விழுந்து பார்க்கும் பெண்களிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். மொழி கொஞ்சம் பழசு. அந்தக் காலச் சென்னை பிராமணப் பேச்சு நிறைய வரும். அதைத் தாண்டிவிட்டால் ஓடும்.

தேவி_கோவை
குறித்துக்கொண்டேன். காதல் பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே? விடுதியில் கேட்டபோது பாதிப் பேர் சொன்ன ஒரே பெயர் ரமணிசந்திரன்.

சிற்றிதழன்
அதற்குத்தான் பயந்தேன். திமிர் பிடித்த பணக்காரன், பொறுமையின் வடிவமான ஏழைப் பெண், கட்டாயக் கல்யாணம், கடைசி அத்தியாயத்தில் மனமாற்றம். நூற்றுக்கணக்கில் ஒரே கதை. பொது அலமாரியில் வைக்கும்போது ஒரு பொறுப்பு வேண்டாமா? தி. ஜானகிராமன் இருக்கிறார், அசோகமித்திரன் இருக்கிறார். காதல்தான் வேண்டும் என்றால் மோகமுள்ளைக் கொடுங்கள்.

மாடிவீட்டு_வாசகி
சிற்றிதழன் ஐயா, மோகமுள் சுதேசமித்திரனில் தொடராக வந்ததுதான். ஜெயகாந்தனின் சில நேரங்களில் சில மனிதர்கள் தினமணி கதிரில் வேறு பெயரில் வந்தது. கி.ரா.வின் கோபல்லபுரத்து மக்களை விகடனில் வாரா வாரம் சமையலறையில் நின்றபடி படித்தவர்கள் இருக்கிறார்கள். இலக்கியம், வெகுஜனம் என்று நீங்கள் போடும் கோடு அப்போது அவ்வளவு அழுத்தமாக இல்லை. மோகமுள் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படிப்பு விட்டுப்போன ஒரு பெண்ணுக்கு முதல் புத்தகமாக அதைக் கொடுத்தால், ‘எனக்கும் புத்தகத்துக்கும் ஒத்துவராது’ என்று அவள் முடிவுகட்டிவிடுவாள்.

ரமணிசந்திரன் கதாநாயகர்கள் சிலரை எனக்கும் ஓங்கி ஓர் அறை விடத் தோன்றும். கையைப் பிடித்து இழுப்பதை ஆண்மை என்று எழுதிய காலம் அது, அதைச் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனாலும் அந்த வீடுகளின் விவரம், சாப்பாடு, புடவை, மாமியார் பேச்சுக்குள் ஒளிந்திருக்கும் ஊசி, எல்லாவற்றுக்கும் மேலாக ‘நல்லபடியாக முடியும்’ என்ற உத்தரவாதம், இதற்காகத்தான் பெண்கள் படித்தார்கள். படிப்பவள் எல்லாம் அதை அப்படியே நம்பி வாழ்க்கையை நடத்துகிறாள் என்று நினைப்பதுதான் அவளைக் குறைத்து மதிப்பது. இரண்டு வாங்குங்கள் தேவி. மூன்றாவது வேண்டாம், அவர்களே பழைய கடையில் தேடி எடுத்துக்கொள்வார்கள்.

கூடவே லக்ஷ்மியைச் சேருங்கள். மிதிலா விலாஸ், பெண் மனம் இரண்டில் எது கிடைத்தாலும். அவர் மருத்துவம் படிக்கும்போதே விகடனில் எழுதத் தொடங்கியவர், அந்த வருமானம்தான் படிப்புக்குக் கைகொடுத்தது. உங்கள் செவிலியர்களிடம் இதைச் சொல்லிக் கொடுங்கள், நூல் தானாகக் கைமாறும்.

இரவுப்பணிக்காரி
அக்கா, ‘நல்லபடியாக முடியும்’ என்பதற்கு ஆயிரம் லைக். பணியில் ஒரு மரணத்தைப் பார்த்துவிட்டு வந்த இரவில் எனக்கு யதார்த்தவாதம் வேண்டாம்.

சிற்றிதழன்
சரி, அந்த நியாயத்தை ஏற்கிறேன். பாலகுமாரன் வரைக்கும் இறங்கி வருகிறேன். மெர்க்குரிப் பூக்கள், இரும்புக் குதிரைகள். தொழிற்சாலை வேலைநிறுத்தம், லாரி உலகம் என்று வேலையிடத்தைக் கதைக்குள் கொண்டுவந்தவர். பிற்காலப் புத்தகங்களில் உபதேசம் கூடிப்போகும், அவற்றைத் தவிர்க்கலாம்.

வில்லிவாக்கம்_குமார்
இறங்கி வருகிறாராம்! படி எத்தனை என்று சொல்லுங்கள் சார், நாங்கள் கீழே நின்று பிடித்துக்கொள்கிறோம்.

அறிபுனையன்
அறிவியல் புனைவுக்கு சுஜாதாவின் என் இனிய இயந்திரா. விகடனில் 1980களில் வந்த தொடர். கதை நடப்பதோ 2020களின் தொடக்கத்தில், அதாவது நாம் தாண்டி வந்துவிட்ட காலம். ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் இந்தியா, மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர், பிள்ளை பெறவும் அனுமதி வேண்டும். நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். உதவிக்கு ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி. புத்தகம் படிக்கும், எதிர்வாதம் பேசும். செயற்கை நுண்ணறிவோடு தினமும் அரட்டை அடிக்கும் உங்கள் ஐடி பெண்களுக்கு ஜீனோவைப் பிடிக்காமல் போகாது. கதை மீண்டும் ஜீனோவில் தொடரும், முடிந்தால் இரண்டையும் வாங்குங்கள்.

புதிதாக வேண்டுமென்றால் தமிழ்மகனின் ஆபரேஷன் நோவா, அதுவும் விகடன் தொடர்தான். ஜெயமோகனின் விசும்பு சிறுகதைத் தொகுப்பு. மந்திர உலகம், டிராகன் வகையறா கேட்டால் தமிழில் இன்னும் கைப்பிடி அளவுதான். மகாபாரதத்தை ஜெயமோகன் நாவல் வரிசையாக எழுதிய வெண்முரசைச் சொல்லலாம்...

மாடிவீட்டு_வாசகி
26 நாவல்! அலமாரியே போதாது.

அறிபுனையன்
முழுக்க இணையத்தில் இலவசமாக இருக்கிறதே அக்கா. வரிசையில் முதல் நாவலான முதற்கனலின் முதல் அத்தியாயத்துக்கான முகவரியை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடச் சொல்கிறேன். பிடித்தவள் தொடரட்டும்.

நெடுந்தீவான்
எல்லோரும் சென்னையையும் தஞ்சாவூரையும் சுற்றியே நிற்கிறீர்கள். எங்கள் இலங்கைப் பக்கத்திலும் விறுவிறுப்பாக எழுதினவர்கள் இருக்கினம். செங்கை ஆழியானின் வாடைக்காற்று எங்கள் நெடுந்தீவுக் கதை. பருவத்துக்கு வந்து கரையில் வாடி (தற்காலிகக் குடிசை) போட்டுத் தங்கும் மீனவர்கள், ஊர்க்காரருக்கும் அவர்களுக்கும் நடுவில் வரும் பகை, அதற்குள் காதல். 1970களில் வீரகேசரி பிரசுரமாக வந்த மலிவு நாவல் வரிசையில் இதுவும் ஒன்று. 1978இல் படமாகவும் வந்தது. சிரிக்க வேணுமென்றால் அவருடைய ஆச்சி பயணம் போகிறாள். யாழ்ப்பாணத்தைத் தாண்டாத கிழவி கதிர்காமம் வரைக்கும் புறப்பட்டால் என்ன நடக்கும் என்பதுதான். பேச்சுத் தமிழ் வித்தியாசமாக இருக்கும், இரண்டு பக்கத்தில் பழகிவிடும்.

கிள்ளான்_மணி
நெடுந்தீவாருக்கு ஒரு சலாம். கடல் கடந்த கதை என்றால் ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி. இதை இலக்கியம் என்று சொல்லிச் சொல்லியே ஆட்களைப் பயமுறுத்திவிட்டார்கள். படித்துப் பாருங்கள், சாகசக் கதைதான். ஜப்பான்காரன் இந்தோனேசியாவின் மெடானுக்குள் நுழைகிறான், வட்டிக்கடைகளில் வேலை பார்த்த தமிழ்ப் பையன்கள் யுத்தத்துக்கு நடுவே கடல் கடக்கிறார்கள், பினாங்கு, இந்திய தேசிய ராணுவம், துப்பாக்கி, துரோகம். நடுவில் நாயகன் பாண்டியன் போதையில் தமிழ்ப் புலவர்களையும் விட்டுவைக்காமல் கிண்டலடிப்பான். முதல் ஐம்பது பக்கம் பொறுமை வேண்டும். அது கஷ்டமென்றால் அதே ஆசிரியரின் கடலுக்கு அப்பால் சின்னது, நேர்க்கதை, காதலும் உண்டு.

எங்கள் மலேசியாவில் ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில் உண்டு. தோட்டத்திலிருந்து ரயில்பாதை போட இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் கதை. தூக்கத்துக்கு முன் படிக்க உகந்ததல்ல, ஆனால் கேட்கிறவளுக்குக் கொடுக்க ஒன்று இருக்கட்டும்.

தேவி_கோவை
இதுவரை வந்ததே கிட்டத்தட்ட இருபது ஆகிவிட்டது. பேய்க்கு இன்னும் ஒன்று? கொலையுதிர் காலம் முழுப் பேய் இல்லை என்கிறார்கள்.

வில்லிவாக்கம்_குமார்
இந்திரா சௌந்தர்ராஜன், விட்டு விடு கருப்பா. 90களில் சன் டிவியில் மர்ம தேசம் வரிசையில் ‘விடாது கருப்பு’ என்று வந்ததே, அதன் மூலக்கதை. குதிரைமேல் வந்து தண்டிக்கும் கருப்பசாமி, உண்மையா ஊர்க்காரன் வேலையா என்ற இழுபறி. அந்தத் தொடரைப் பார்த்துவிட்டுத் தனியாகப் பாத்ரூம் போகாத தலைமுறை நாங்கள்.

தெலுங்கிலிருந்து வந்த எண்டமூரி வீரேந்திரநாத்தின் துளசி தளமும் உண்டு. சுசீலா கனகதுர்கா மொழிபெயர்ப்பு. ஒரு குழந்தைமேல் ஏவப்படும் சூனியம். நிஜமாகவே பயமுறுத்தும். கர்ப்பமாக இருப்பவர்கள், சின்னக் குழந்தை உள்ளவர்கள் தள்ளி இருங்கள் என்று அட்டையில் எழுதி ஒட்டலாம்.

பழுப்புத்தாள்
பட்ஜெட் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் புதிதாக வாங்கினால் 6,000 பறந்துவிடும். குற்றக் கதைகளுக்குப் புதுப் புத்தகம் தேவையில்லை. உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் மாத நாவல்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ராஜேஷ்குமார் உங்கள் ஊர்க்காரர், 1,500க்கும் மேல் எழுதியவர், விவேக்கும் ரூபலாவும் வருவார்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா. சுபாவின் நரேந்திரன், வைஜெயந்தி. இந்த ஜோடிகளில் பெண்ணும் சேர்ந்து துப்பறிவாள், சுசீலாவும் வைஜெயந்தியும் பல இடங்களில் ஆண்களைவிடச் சமர்த்து. எந்தத் தலைப்பு என்று தேட வேண்டாம், பேர் பார்த்துப் பத்து அள்ளுங்கள். ஒரு பயண நேரத்துக்கு ஒன்று. தொலைந்தாலும் கவலையில்லை. வாங்கும்போது கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவும். கொலைகாரன் பெயர் கிழிந்துபோன நாவல்கள் என்னிடமே சில உண்டு.

சிரிப்புக்கு இரண்டு. சாவியின் வாஷிங்டனில் திருமணம், அமெரிக்காவின் கோடீஸ்வரச் சீமாட்டி ஒருத்தி தமிழ்க் கல்யாணத்தை அங்கேயே நடத்திப் பார்க்க ஆசைப்பட்டு, அப்பளம் இடும் பாட்டிகள் முதல் நாதஸ்வரம் வரை விமானம் ஏற்றுகிறாள். கோபுலு படங்களோடு உள்ள பதிப்பைத் தேடுங்கள், படம் இல்லாவிட்டால் பாதிச் சுவை போச்சு. இரண்டாவது, பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி சீதாப்பாட்டி கதைகள்.

இரவுப்பணிக்காரி
வேள்பாரியை யாரும் சொல்லவில்லை. இரண்டு பாகம்தான், ஆனால் கனமான பாகங்கள். சு. வெங்கடேசன் விகடனில் எழுதியபோது எங்கள் வார்டில் ஒரே இதழ் கைமாறிக்கொண்டே இருக்கும். பறம்பு மலை, மூவேந்தர் முற்றுகை, பக்கத்துக்குப் பக்கம் ஒரு செடி, ஒரு விலங்கு. அரசர்களைவிடக் காடுதான் கதாநாயகன். படம் மணியம் செல்வன், பொன்னியின் செல்வனுக்கு வரைந்த மணியத்தின் மகன். விலைதான் உங்கள் பட்ஜெட்டில் பெரிய ஓட்டை போடும்.

மாடிவீட்டு_வாசகி
அதை வாங்கலாம் தேவி. இரண்டையும் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டிவையுங்கள், சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று விதி.

சிற்றிதழன்
யாராவது வை.மு. கோதைநாயகியைச் சொல்வார்கள் என்று பார்த்தேன். எழுதப் பழகும் முன்பே தோழியிடம் வாயால் சொல்லி நாடகம் எழுத வைத்தவர், பிறகு ஜகன்மோகினி பத்திரிகையை நடத்தி 115 நாவல் எழுதியவர். இன்றைக்குப் படிக்க இழுவைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெண்கள் விடுதி அலமாரியில் அவர் ஒரு புத்தகமாவது இருப்பது அழகு.

தேவி_கோவை
இன்று கடைசியாக எழுதிவைத்த பட்டியல்:

புதிதாக: பார்த்திபன் கனவு, கொலையுதிர் காலம், கரையெல்லாம் செண்பகப்பூ, என் இனிய இயந்திரா, மீண்டும் ஜீனோ, துப்பறியும் சாம்பு, ஜஸ்டிஸ் ஜகந்நாதன், மிதிலா விலாஸ், ரமணிசந்திரன் இரண்டு, இரும்புக் குதிரைகள், கடலுக்கு அப்பால், விட்டு விடு கருப்பா, வாஷிங்டனில் திருமணம், அப்புசாமி ஒன்று, வேள்பாரி. பழைய கடையில்: மாத நாவல்கள் ஒரு பை. வாடைக்காற்று இங்கே கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். மோகமுள் இந்த முறை இல்லை, சிற்றிதழன் சார் மன்னிக்கவும். துளசி தளத்தை நானே முதலில் படித்துவிட்டு முடிவு செய்கிறேன். விடுதியில் இரவு பதினொரு மணிக்குக் கத்தல் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

சிற்றிதழன்
மன்னிப்பெல்லாம் எதற்கு. என்னிடம் மோகமுள் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்றை அனுப்புகிறேன், பட்ஜெட்டில் சேர்க்க வேண்டாம்.

நெடுந்தீவான்
வாடைக்காற்று மின்னூலாக நூலகம் தளத்தில் தேடிப் பாருங்கோ. ஈழத்து நூல்கள் ஏராளம் அங்கே இலவசமாக வாசிக்கலாம்.

மாடிவீட்டு_வாசகி
என் அம்மா இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்து பைண்டிங் போட்ட தொடர்கதைகள் என்னிடம் இருக்கின்றன. பின்பக்கம் பாதி விளம்பரமும் பாதி வாசகர் கடிதமுமாக இருக்கும். இரண்டு தருகிறேன். ஆனால் அவற்றை வெளியே எடுத்துப் போகக் கூடாது, கூடத்தில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். சம்மதமென்றால் முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

தேவி_கோவை
சம்மதம் அக்கா. அனுப்பிவிட்டேன், பாருங்கள்.